மச்சான் கொட்டிய கடல்

நான் செய்வது கடலோர நிலவியல் வரைபட வேலை. குடியிருப்பது ஒரகடத்துக்குப் பக்கத்தில். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், எந்தக் கம்பெனி என்று கேட்பார். காரா, லாரியா, டயரா என்று அவரே மூன்று பதிலும் வைத்திருப்பார். கடலோர வேலை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இங்க எங்க சார் கீது கடலு?" என்றார். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. கூச்சம். அன்றிலிருந்து "டயர்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கடல் இருந்தது. மனிதர்கள் வருவதற்கு ரொம்ப ரொம்ப முன்னால், இப்போது தொழிற்சாலைகள் நிற்கும் இந்தப் பக்கம்வரை அது வந்து போயிருக்கிறது. அதன் பழைய கரை எங்கே ஓடியது என்று தேடி வரைபடத்தில் கோடு போடுவதுதான் எங்கள் வேலையில் ஒரு பாதி. மறு பாதி இப்போதிருக்கும் கடற்கரையில். அங்கே போகும் நாட்களில் கால் நனையும். இங்கே செருப்பு தேயும்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். முன்பு மண் பரிசோதனைக் குழு ஒன்றில் துளைக் கருவி சுற்றிக்கொண்டிருந்தேன். இங்கே எந்தத் தொழிற்சாலை வந்தாலும் முதலில் பூமியில் துளை போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலே வரும் மண்ணைப் பெட்டியில் வரிசையாக அடுக்குவது என் பொறுப்பு. அப்படி அடுக்கி அடுக்கியே கைக்கு மண் பழகிவிட்டது. கையால் தெரியாததைப் பல்லால் தெரிந்துகொள்வேன். ஒரு கிள்ளு எடுத்து முன்பல்லில் கடித்தால் மணல் கரகரக்கும், வண்டல் லேசாக நறநறக்கும், சுத்தமான களி வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும். படித்தவர்களும் இப்படித்தான் பார்ப்பார்களாம். அது தெரியும்வரை நான் யாரும் பார்க்காதபோதுதான் கடிப்பேன். என் மனைவி மட்டும் இன்றுவரை, "சாப்புட வர்றியா, இல்ல வெளியவே மண்ணு துன்னுட்டு வந்துட்டியா?" என்று கேட்கிறாள்.

வரைபட வேலைக்கு என்னை அழைத்துக்கொண்டவர் ஒரு மேடம். நிலவியல் படித்தவர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, நிறத்தையும் பதத்தையும் எழுதச் சொன்னார். எனக்கு அவர்கள் வார்த்தை தெரியாது. 'பழைய சாக்கு நிறம், ரவை பதம்' என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் 'நீர்மோர் நிறம், இட்லி மாவு'. படித்துவிட்டு, "இதையே எழுதுங்கண்ணா, எனக்கு நல்லாப் புரியுது" என்றார். அவருக்கு என்னிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. போனில் பேசும்போது நான் தலையாட்டிவிடுவேன். "அண்ணா, நீங்க ஆட்டுறது எனக்குக் கேக்காது" என்பார். அதற்கும் தலையாட்டுவேன்.

எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி, ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவரின் முதலெழுத்து. எல்லாப் புள்ளியிலும் மேடத்தின் எழுத்துதான் இருந்தது. நான் அளவு நாடா பிடித்தவன், சுத்தியல் தூக்கியவன். எனக்கென்று எழுத்து வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. மேடம் சில வாரம் கடற்கரைப் பக்கத்து வேலைக்குப் போக வேண்டி வந்தபோதுதான் அந்த ஆசை எனக்குள் ஏறியது. "இந்தப் பக்கம் நீங்களே நடந்து பாருங்கண்ணா. ஏதாவது கெடச்சா நம்பர் போட்டு உங்க எழுத்தையே வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே நான் என் முதலெழுத்தை நான்கைந்து முறை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவது நாள் கிடைத்தது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு. சாலையை அகலப்படுத்த அதன் ஓரத்தை நேராக வெட்டியிருந்தார்கள். வெட்டிய சுவரில் வெளிர் மஞ்சள் பாறை படுக்கையாக இருந்தது. தட்டினால் அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடாகப் பிரியும் வகை. இந்தப் பக்கத்தில் அந்தப் பாறைக்குள் இலைத் தடங்கள்தான் அகப்படும். இலை என்றால் அருகில் தரை. நான் பிரித்த மூன்றாவது ஏட்டில் இருந்தது இலை இல்லை, சுருள். சின்னக் கைமுறுக்கு அளவுக்கு, வரிவரியாக ஒரு கடல் ஓட்டின் அச்சு. ஓடு என்றால் கடல்.

எத்தனை நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மூன்று கம்பெனி பஸ் போயிருக்கும். எண் போட்டேன், எழுத்து வைத்தேன், படம் எடுத்து அனுப்பினேன். மேடம் உடனே கூப்பிட்டு, "அண்ணா! அண்ணா!" என்று இரண்டு முறை கத்தினார். நான் தலையாட்டினேன்.

அன்று நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவரில், பாறை ஏடுகளுக்குக் கீழே, ஒரு பரோட்டா பார்சல் கவரின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்து வந்து சந்தில் சொருகிக்கொண்டது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. இழுத்துப் போட்டுவிட்டு அதை மறந்தும் போனேன்.

என் புள்ளியால் மேடத்தின் கோடே மாறியது. வடக்கிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்த பழைய கரை, என் புள்ளியைத் தொடுவதற்காக மேற்கே வளைந்து ஒரு தொப்பை போட்டது. வரும் திங்கட்கிழமை சென்னையிலிருந்து மேலதிகாரியான பெரிய சார் வருகிறார், அந்த இடத்தைத்தான் முதலில் காட்டப்போகிறேன் என்றார் மேடம். அவர் சரி என்றால் வரைபடம் அச்சுக்குப் போகும், என் எழுத்தோடு.

அதற்கு முந்தைய ஞாயிறு மதியம் மச்சான் சாப்பிட வந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. டிப்பர் லாரி ஓட்டுகிறான். எனக்கு வராத பேச்சு எல்லாம் அவனுக்கு வரும். டிவி பக்கத்தில் நான் வைத்திருந்த அந்தச் சுருள் ஏட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மாமா, கல்லு முறுக்கு? உன் பல்லுக்கு ஏத்ததா?"

எங்கே கிடைத்தது என்று என் மனைவிதான் பெருமையாகச் சொன்னாள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மச்சான் கரண்டியைக் கீழே வைத்தான்.

"வாலாஜாபாத் ரோட்டாண்ட, கருவேலம் மேடா? மாமா, அது நான் கொட்னது."

"இன்னாடா ஒளர்ற?" என்றாள் என் மனைவி.

"அட, நெசமாத்தாங்கா. ஏழெட்டு வருசம் இருக்கும். எவனோ கம்பெனி கட்றேன்னு எடத்த வாங்கி ரொப்பினான். மண்ணூராண்டேருந்து நாப்பது அம்பது லோடு அடிச்சோம். ரோலர் வேற வுட்டு சப்பட்டையா நசுக்குனாங்க. அப்பால கம்பெனியும் வர்ல, ஒண்ணும் வர்ல. மேட்டு மேலயே குந்திக்கினு பரோட்டா துன்னது இன்னும் ஞாபகம் கீது."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். இந்த ஊரில் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற மாதிரி மண்ணும் லாரியில் வந்து இறங்குகிறது. பள்ளம் எடுப்பவன் ஒருவன், மேடு போடுபவன் ஒருவன். அது தெரியாதவனா நான்? லோடு அடிக்கிற மச்சானோடு எத்தனை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

"வுடு மாமா, எவனுக்குத் தெரியப்போது?" என்றான் மச்சான். "நானே மறந்துட்டன்னு வச்சுக்க."

யாருக்கும் தெரியாதுதான். தொப்பை போட்ட கோடும் அதன் நுனியில் என் எழுத்தும் சுவரில் தொங்கும். மேடத்தின் கோட்டை என் மச்சானின் டிப்பர் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அவ்வளவுதான்.

மேடத்தைக் கூப்பிட்டேன். "நாளைக்கு பத்து மணிக்கு வந்துடறோம்ணா, சரியா?" என்றார். வாயைத் திறந்தேன், தலைதான் ஆடியது. அப்புறம் பேசி அனுப்பலாம் என்று போனைப் பிடித்து நான்கு முறை பதிவு செய்தேன். நான்கிலும் தொண்டையைச் செருமும் சத்தம் மட்டுமே விழுந்திருந்தது.

திங்கட்கிழமை நான் ஒன்பது மணிக்கே மேட்டில் நின்றேன். ஜீப் வந்தது. பெரிய சார் தொப்பி வைத்த மனிதர், அதிகம் சிரிக்காதவர். நான் கொண்டுபோயிருந்த ஏட்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பிரமாதம்" என்றார். மேடம் என் பக்கம் கையைக் காட்டி, "எங்க அண்ணன் கண்டுபிடிச்சது சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குள் சொல்லியிருக்க வேண்டும். கேட்ட பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. பெரிய சார் குனிந்து சுவரைத் தடவ ஆரம்பித்தார்.

"மேடம், இது என் மச்சான் கொட்டினது."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாலையில் பைக்கில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னண்ணா?" என்றார் மேடம்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. லோடு, ரோலர், வராத கம்பெனி, நான் இழுத்துப் போட்ட பரோட்டா கவர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்துக்கான பேச்சை அன்றைக்கே பேசித் தீர்த்தேன். மேடத்தின் முகம் சுருங்கியது. கையிலிருந்த வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார். பெரிய சார் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சரி. உங்க மச்சான் எங்கேருந்து கொண்டாந்தார்?"

அவருக்கு என் மேல் கோபமே இல்லை. பாறை உண்மையான பாறை, விலாசம்தான் தப்பு என்றார். மச்சானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, மாட்டிக்கினியா?" என்று ஆரம்பித்தான்.

"மச்சான், சாருங்கல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"ஐயோ. வணக்கம் சார்."

மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மழைநீர்த் தொட்டிக்காகப் பள்ளம் எடுத்தபோது வந்த மண் அது. ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கீழேதான் இந்த மஞ்சள் கல் வந்தது, பொக்லைன் ஓட்டியவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே எடுத்தார் என்று இடத்தைத் தெளிவாகச் சொன்னான். பெரிய சார் அத்தனையையும் எழுதிக்கொண்டார். ஆழம் கூடத் தெரிகிறதே என்று மேடத்தின் முகம் கொஞ்சம் விரிந்தது.

ஜீப்பில் அங்கேயே போனோம். வாசலில் திருநெல்வேலிப் பேச்சு பேசிய ஒரு செக்யூரிட்டி நின்றார். "பாஸ் இல்லாம உள்ள விட முடியாது சார். நீங்க எதப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"கடல்" என்றார் பெரிய சார்.

செக்யூரிட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அது திருச்செந்தூர்லல்லா இருக்கு. இங்க பைக் ஸ்டாண்டுதான் இருக்கு" என்றார்.

கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தோம். மச்சான் சொன்ன இடத்தில் தொட்டியை மூடிக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் வரிசையாக நூறு பைக். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த கடல். உள்ளே போய்ப் பார்க்கப் பிறகு எழுதிப் போட்டோம், இன்றுவரை பதில் இல்லை. அன்று அந்த வாசலிலேயே, பார்க்காத பாறைக்குப் புள்ளி வைக்கக் கூடாது என்றார் மேடம். ஒரு கேள்விக்குறியோடு வைக்கலாம் என்றார் பெரிய சார். ஜீப்பின் பானெட் மேல் வரைபடத்தை விரித்தே அதைச் செய்தார்கள். மேற்கே இருந்த புள்ளியை அடித்தார்கள். கோட்டின் தொப்பை போனது, கரை பழையபடி ஒழுங்காக இறங்கியது. மண்ணூரில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு புதுப் புள்ளி, எண், ஒரு கேள்விக்குறி. மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எழுத்த நீங்களே போடுங்கண்ணா."

பானெட் மேல் வைத்து எழுதியதில், வீட்டில் எழுதிப் பார்த்த அழகு வரவில்லை.

அதன் பிறகு எங்கள் குறிப்புப் புத்தகத்தில் நிறம், பதம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'லாரி?' என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. புது இடம் எது கிடைத்தாலும் முதலில் டிப்பர்கள் நிற்கும் இடத்துக்குப் போய் விசாரிப்பது என் வேலை. அங்கே எனக்கு ஓரளவு பேச வருகிறது.

அச்சான வரைபடத்தின் ஒரு பிரதியை மேடம் எனக்குக் கொடுத்தார். மச்சான் வந்து, விரலை வைத்துத் தேடி, என் எழுத்தைக் கண்டுபிடித்தான்.

"இதெல்லாம் நல்லாத்தான் கீது மாமா. ஆனா லோடு அடிச்சது நானு. என் எழுத்து எங்க?"

எனக்கு உடனே பதில் வந்தது. எப்போதும் அப்படி வருவதில்லை.

"பக்கத்துல ஒரு கேள்விக்குறி இருக்கு பாரு மச்சான், அது உன்னோடதுதான்."