றியாத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம்

அப்துல் கபூர் கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் ஓட்டத் தொடங்கி, தொண்ணூற்றேழில் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிளேனில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனால் துபாய் நாலரை மணித்தியாலம், றியாத் ஐந்தரை, ஜித்தா ஆறு என்று கேட்ட வாய் மூட முன் சொல்வான். வீட்டுக்கொரு ஆள் வெளிநாட்டில் கிடக்கிற ஊர். அவன் சொல்லிச் சொல்லி அந்தக் கணக்கு எல்லோருக்கும் பாடம். கட்டுநாயக்காவில் கால் வைத்தால் கல்முனைக்கு வந்த மாதிரித்தான் என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷம்தான் அந்த நினைப்பு ஒரு பிள்ளையின் தலையில் விடிந்தது. வாப்பா அச்சிமுகம்மதுவுக்கு நோய் கடுமை என்று கேட்டு, றியாத்தில் வீட்டு வேலை செய்த ஜுனைதா பிளேன் ஏறினாள். அவள் ஆகாயத்தில் இருக்கும்போதே விடிய, சுபஹுத் தொழுகையோடு வாப்பா மவுத்து; உயிர் போய்விட்டது. விமான நிலையத்தில் காத்திருந்த கபூர் ஊருக்கு டெலிபோன் எடுத்தபோது, பள்ளிவாசல் தலைவர் இப்றாஹிம் ஹாஜியார் பேசினார்.

"மகளக் கையோட கூட்டி வா. பின்னேரத் தொழுக அஸர் வரைக்கும் மையித்த அடக்காம வெச்சிரிக்கம்."

"அஸருக்கு எப்படி வாற ஹாஜியார்? பிளேன் வாறதே பதினொரு மணிக்கு."

"பொறகென்ன? றியாத் தூரமா, கல்முன தூரமா?"

"ஆகாசத்தில செக் பொயின்ட் இல்ல ஹாஜியார். பின்னேரமானா ரோட்டையும் பூட்டிருவானுகள். நாளைக்குப் பகல் லுஹர் வரைக்கும் வைங்க."

"மையித்த ஒரு ராவு போட்டு வைக்கவா? நீதானே ஐந்தரை ஐந்தரை எண்டு ஊரெல்லாம் செல்லித் திரிஞ்ச."

கபூர் டெலிபோனை வைத்தான். ரோட்டுக் கணக்கை அவன் யாருக்கும் சொன்னதே இல்லை.

ஜுனைதாவிடம் எதையும் மறைக்கவில்லை. வேனில் ஏறி அழுது ஓய்ந்த பிறகு அவள் கபூரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்: "காக்கா, வாப்பாட முகத்தப் பாக்கேலாதா? நாலாயிரம் கிலோமீற்றர் வந்திட்டன். இன்னும் முந்நூற்றைம்பதுதானே."

"அந்த நாலாயிரத்தில ஒருத்தனும் உன்ட பெட்டியக் கிளறல்ல புள்ள. அஸருக்கு அடக்கம். நாம போய்ச் சேர நாளைக்குக் காலையாகும்."

கண்டி தாண்டி மூன்றாவது தடை. அடையாள அட்டையில் கல்முனை என்று கண்டதும் ஆமிக்காரன் இறங்கச் சொன்னான். பெட்டிகள் ரோட்டோரத்துக்கு வந்தன. ஒன்றில், வாப்பா ஆசையாகக் கேட்டிருந்த கபன் துணி. மக்காவுக்கு உம்றா போனபோது அவள் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுத்தது. ஆமிக்காரன் அதை முழம் முழமாக உதறினான். தலைப்பு செம்மண்ணில் இழுபட்டது. மணி நாலு தாண்டியிருந்தது. ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு நின்றிருப்பார்கள்.

ஒன்பது வருஷமாகத் தடைகளில் தலையைக் குனிந்தே நின்ற கபூர், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்:

"இது இந்தப் புள்ளையின் செத்த வாப்பாவுக்குச் சுற்ற வந்த துணி. அவரை இந்நேரம் வேற துணியில் சுற்றிவிட்டார்கள். ஆறுதலாகப் பாருங்கள் சேர், இனி எங்களுக்கு அவசரமில்லை."

ஆமிக்காரன் துணியைக் கைவிட்டான். அடுத்த பெட்டியைத் திறக்கச் சொன்னான்.