நாலாவது பாடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு டீச்சர் கோபப்படாவிட்டால் பிள்ளைகள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்பது என் கட்சி. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் வருஷம் அந்தக் கோபத்துக்கு நிறைய வேலை இருந்தது.

இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே ஓட்டம்தான். கத்திக்கொண்டே கிளம்பி, மூச்சு வாங்கும்வரை ஓடி, மணலில் விழுந்து கிடப்பது. ஓட்டத்தில் வகை உண்டு என்று நான் சொன்னபோது, கதை விடுகிறேனோ என்று பார்த்தார்கள். நூறு மீட்டரில் எதையும் மிச்சம் வைக்காதே, ஆயிரத்து ஐந்நூறில் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். தொடர் ஓட்டத்தில் கைமாற்றக் கட்டை இல்லை. பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டோம். தடை ஓட்டத்துக்கு மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகளை வரிசையாக அடுக்கினோம். முதல் நாளே இரண்டு பெட்டிகள் நொறுங்கின. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், ஆனாலும் திட்டினேன்.

வம்பு வந்தது இருநூறு மீட்டரில். எங்கள் மைதானத்தை ஒருமுறை சுற்றினால் இருநூறு. சுண்ணாம்புப் பொடியால் நான்கு லேன் போட்டேன். வெளி லேனில் ஓடுகிறவர்களுக்கு வளைவில் தூரம் கூடும் என்பதால் அவர்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று நான் படித்த காலத்து நோட்டில் கணக்கு இருந்தது. அதைப் பார்த்துக் கோடு கிழித்தேன். நாலாவது லேன்காரி மற்றவர்களைவிட வெகு முன்னால் போய் நின்றதும் ஒரே கூச்சல்.

"இன்னா டீச்சர் இது? அவ மட்டும் பாதி தூரம் முன்னாடி போய் நிக்கிறா."

விளக்கினேன். படம் போட்டேன். எடுபடவில்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்கு வேறு இடத்துக்குப் போயாக வேண்டும். அதேபோல லேனுக்கும் சீட்டு என்றார்கள். நாலாவது லேன் நல்ல பாடு, முதல் லேன் மோசமான பாடு என்பது அவர்கள் தீர்ப்பு. என் படத்துக்கு மரியாதை அவ்வளவுதான்.

பொன்னேரியில் நடக்கும் வட்டாரப் போட்டிக்கு இருநூறு மீட்டரில் ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். ஒருத்தி நெல் விளையும் ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவள், நெட்டைக்கால்காரி, எப்போதும் முதல். இன்னொருத்தி குப்பத்துப் பெண், வலைக்காரர் மகள், எப்போதும் இரண்டாவது. ஆனால் ஆசையில் அவள்தான் முதல். தேர்வு ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தன் நைனாவிடம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னும் எத்தினி நாள் டீச்சர்?" என்பாள்.

தேர்வு அன்று சீட்டில் அவளுக்கு நாலாவது லேன் விழுந்தது. நெட்டைக்காரிக்கு முதல் லேன். விசில் ஊதினேன். குப்பத்துப் பெண் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கை நீளத்தில் ஜெயித்தாள். நான் குதித்தே விட்டேன். மற்ற யாரும் கைதட்டவில்லை. நல்ல பாடு கிடைத்தது, ஜெயித்தாள் என்று நினைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் என் மேஜைமேல் கடிதத்தை வைத்தாள்.

"நான் போவல டீச்சர். அவள அனுப்புங்க."

"ஏன்டி?"

"நான் முன்னாடி நின்னேன். அதனாலதான் ஜெயிச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அப்டிதான் தோணுது."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எத்தனை வருஷமாகக் கோடு போடுகிறவள் நான், என் கணக்கைச் சந்தேகப்படுகிறாயா என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "கயிறு போட்டு அளந்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அள. சரியா இருந்தா எல்லார் முன்னாலயும் வாயை மூடிக்கிட்டுப் பொன்னேரிக்குப் போகணும்" என்றேன்.

அடுத்த நாள் அவள் நைனா மொபெட்டில் ஒரு சுருள் வலைக்கயிறோடு வந்து இறங்கினார். கயிறு நேராகத்தான் போகும், வளைவில் என்ன செய்வார்கள் என்று நான் வேடிக்கை பார்த்தேன். பெரிய வலை இழுக்க நிற்பதுபோல் பிள்ளைகள் கோட்டின் மேல் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு பிடியாகக் கயிற்றைக் கோட்டோடு அழுத்திக்கொண்டார்கள். முடிகிற கோட்டில் ஆரம்பித்து முதல் லேன் முழுக்கப் பின்னோக்கி வந்து, தொடக்கக் கோட்டில் முடிச்சுப் போட்டார்கள். பிறகு அதே கயிற்றை, மறுபடி முடிகிற கோட்டிலிருந்தே, நாலாவது லேனில் போட்டார்கள்.

முடிச்சு என் தொடக்கக் கோட்டை எட்டவே இல்லை. வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது.

அவள் நைனா குனிந்து, இரண்டு கையையும் அகல விரித்து, முடிச்சிலிருந்து என் கோடுவரை அளந்தார். அந்த விரிப்புக்குப் பாகம் என்று பெயர்.

"நாலு பாகம் டீச்சர். இன்னும் நாலு பாகம் முன்னாடி நிக்க வச்சிருக்கணும் நீங்க. பொண்ணு அத்தினியும் சேத்து ஓடிக்கீது."

எங்கே தவறினேன் என்று உடனே புரிந்துவிட்டது. நோட்டிலிருந்த கணக்கு குறுகலான லேனுக்கு. முழங்கை இடிக்க வேண்டாம் என்று லேனை அகலமாகப் போட்டது நான். லேன் அகன்றால் வளைவும் கூடும் என்பதை மறந்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட, கத்தியது உறுத்தியது.

"தப்பு என்னுடையது. நேத்து உன்கிட்ட கத்தினதும் தப்பு" என்று எல்லோரும் கேட்கவே சொன்னேன்.

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஜாஸ்தி ஓடினேனா டீச்சர்?" என்றாள் மெதுவாக.

"ஆமா. ஜாஸ்தி ஓடியும் ஜெயிச்சே."

நெட்டைக்காரி முடிச்சுக்கும் கோட்டுக்கும் நடுவே நடந்து பார்த்தாள். திரும்பி வந்து, "அவளே போவட்டும் டீச்சர்" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, குரலில் இல்லை. பிள்ளைகள் அப்போதுதான் கைதட்டினார்கள், இரண்டு நாள் தாமதமாக.

கடிதத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். உடனே வாங்கவில்லை. எதையோ யோசித்தாள்.

"பொன்னேரில கோடு யாரு டீச்சர் போடுவாங்க?"

"நான் இல்லை."

"அப்ப போறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.