பிரேமா எழுதித் தந்த அப்பா

சாயர்புரத்தில் பட்டம் வாங்கியும் பிரேமாவுக்கு நேர்காணல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருவழியாகத் தன்னைப் பற்றி நாலு வரி இங்கிலீஷில் எழுதி, உருப்போட்டு ஒப்பித்தாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அந்த நாலு வரிதான் அவளுக்கு வேதவாக்கு.

சனிக்கிழமைதோறும் அரசுப் பள்ளிக்குப் போய்ப் பிளஸ் டூ பிள்ளைகளை வேலைக்குத் தயார் பண்ணினாள். சம்பளம் கிடையாது, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவும் இல்லை. போனவள் அதே வரிகளை அட்சரம் பிசகாமல் அவர்களுக்கும் ஏற்றிவிட்டாள். அதில் ஒன்று, "மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்." பிரேமாவின் அப்பாவுக்கு ஏரலில் பலசரக்குக் கடை, அவளுக்குப் பொருந்தியது. பிள்ளைகள் வீட்டிலோ உப்பளக் கூலியும் மூட்டை தூக்குவதும்தான். அதைச் சொன்னால் மட்டமாக நினைப்பார்கள் என்று இவளே முடிவுகட்டினாள். நல்லது செய்கிற அவசரத்தில் அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

இன்று கன்டெய்னர் யார்டு ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள். லீவு போட்டு ஆறு பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தாள். அவர்களில் சுடலைச்செல்விக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அம்மாவுக்குக் காலெல்லாம் புண். வேலை கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை அம்மாவுக்குப் பதில் இவள் உப்பளத்தில் இறங்க வேண்டும்.

முதலில் போன நால்வரும் முகம் தொங்க வந்து, நேரே வாசலுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாவதாகப் போன இந்துமதிதான் விம்மி விம்மிச் சொன்னாள். உங்கள் ஐந்து பேருக்கும் ஒரே அப்பாவா என்று உள்ளே கேட்டுச் சிரித்தார்களாம்.

பிரேமா சட்டென்று திரும்பினாள். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நான் சொல்லித் தந்ததையெல்லாம் விட்டுரு. ஒங்கப்பாவைப் பத்தி உள்ளதச் சொல்லு. தமிழ்லயே சொல்லு."

"எங்கப்பா செத்துட்டாருன்னு மொத நாளே சொன்னேனேக்கா. பரவால்ல, இப்படியே சொல்லுன்னு நீங்கதான சொன்னீங்க. இப்பம் மாத்தச் சொன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், செல்வி போனாள்.

பிரேமா பலகைத் தடுப்பை ஒட்டி நின்றுகொண்டாள். செல்வி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று, சுடலைமாடன் முதல் பனிமய மாதா வரை அத்தனை பேரையும் பிரேமா கும்பிட்டாள். அப்புறம் செல்வியின் குரல் கேட்டது. திக்கவில்லை, திணறவில்லை. வகுப்பில் பிரேமா கைதட்டிய அதே குரல்.

"மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்."

உள்ளே சிரித்தார்கள்.