யூரானியின் மூன்றரை மீட்டர்

பழைய பேரிங்கைக் காதோரம் பிடித்து, விரலால் சுண்டி, கண்ணை மூடிக் கேட்கிறாள் யூரானி. கரகரவென்றால் அது மண்ணெண்ணெய்த் துணிக்குள் போகும். சொய்யென்று ஓடினால் சீருடைப் பாவாடையின் பைக்குள். பை கனத்துப் பாவாடை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். அவளும் ஓடிக்கொண்டே அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள்.

வயது பதினொன்று. ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்குப் பேச்சே இல்லை. இந்த நவம்பரில் தேறாவிட்டால் பெரியம்மாவின் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாக அவள் அம்மா நோரால்பா முடிவு செய்துவிட்டாள். கீழ்வாசலில் அரெப்பா ரொட்டி சுட்டு விற்கிறவள் அவள். அடுப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்த முடிவு.

நான் அவர்களுக்கு மேல்மாடி. எட்டு வருடமாகியும் சலமினா என்கிற இந்த மலையூரின் சரிவில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். அதே சரிவில்தான் யூரானி வண்டி ஓட்டிப் பார்க்கிறாள். ஒரு பலகை, அடியில் நான்கு பேரிங், முன்னச்சைத் திருப்ப ஒரு கயிறு, பிரேக்குக்கு நெம்புகோல் முனையில் ஆணியடித்த டயர்த்துண்டு. அந்த இரும்புச் சத்தம் கேட்டதும் நான் ஜன்னலுக்கு ஓடுவேன். கீழ்முனையில் ஜீப்புகள் குறுக்கே போகிற சாலை. "மாமா, பயப்படாதீங்க, பாதித் தெரு வரைக்குந்தான்" என்பாள், நான் வாயே திறக்காதபோது.

வண்டி அவள் யோசனை அல்ல, எலியேசர் வாத்தியாருடையது. டிசம்பர் வண்டிப் பந்தயத்துக்கு எப்படியும் பிள்ளைகள் வண்டி கட்டுவார்கள், அதையே பாடமாக்கிவிட்டார். தெருவின் படம் வரைந்தால் சமூகவியல். பிரேக் ஏன் பிடிக்கிறது என்று எழுதினால் அறிவியல். வேறொருவர் படித்துவிட்டுக் கட்டும்படி செய்முறை எழுதினால் மொழிப்பாடம். கணக்குக்கு மட்டும் கடுமையான விதி: வண்டி எங்கே நிற்கும் என்று முன்னாலேயே நோட்டில் எழுத வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் தவறினால் பூஜ்யம்.

அதிலிருந்து இவளுக்கு உட்கார நேரமில்லை. அம்மா சுட்ட அரெப்பாவை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைக் குறுக்கே வைத்துப் பார்ப்பாள். மூன்று முறை போய்க் கொஞ்சம் மிஞ்சும். சின்ன அரெப்பாவிலும் அப்படியே, பேரிங்கிலும் அப்படியே. "எல்லா வட்டத்துக்கும் ஒரே புத்திதான் மாமா" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். வாங்க வந்தவர்கள் நூல் பட்ட ரொட்டி வேண்டாம் என்றார்கள்.

சனிக்கிழமை சோதனை ஓட்டம். வண்டியில் அவள் எடைக்கு ஓர் உருளைக்கிழங்கு மூட்டை. முழுத் தெருவுக்கும் ஓடி நிற்கும் என்று நிரூபிக்காத வண்டியில் பிள்ளை ஏறக்கூடாது என்பது வாத்தியார் விதி. மூட்டை பிரேக் போடாதே? அதற்கும் வழி வைத்திருந்தாள். மேலே விளக்குக்கம்பத்தில் ஒரு நீளக் கயிறு, மறுமுனை நெம்புகோலில். கயிறு இறுகினால் பிரேக் விழும், முடிச்சு அவிழும். பாதித் தெரு ஓட்டங்களில் எவ்வளவு ஓடியபின் பிரேக் போட்டால் எவ்வளவில் நிற்கிறது என்று விகிதம் பிடித்து, அதற்குத் தக்கபடி கயிற்றை வெட்டியிருந்தாள். நோட்டில் எழுதியது: தெருவின் நீளம் 80 மீட்டர். நிற்குமிடம், கீழ்முனைச் சுண்ணாம்புக் கோடு.

நாவிதர் தன் கடை வாசலிலிருந்து, "மூட்டைக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார்.

"உங்க கத்திக்கு இருக்கா?" என்றாள் திரும்பாமலே.

வண்டி இரைந்துகொண்டு இறங்கியது. டயர் தேய்ந்து புகைந்தது. கோட்டை எட்ட மூன்றரை மீட்டர் இருக்கும்போதே நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். நோரால்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

யூரானி அழவில்லை. தெருவை மேலும் கீழும் இரண்டு முறை ஓடினாள். எண்பது எங்கிருந்து வந்தது என்று வாத்தியார் கேட்டார். நகராட்சி வரைபடத்திலிருந்து, தவிர ஊரில் யாரைக் கேட்டாலும் சந்திக்குச் சந்தி ஒரு தெருத்துண்டு எண்பதுதான் என்பார்கள், வாத்தியார் உட்பட.

"படம் மேலேருந்து பாக்குது சார். கழுகு பாக்கற மாதிரி. நம்ம தெரு சரிஞ்சு கெடக்குல்ல?"

"மூணரை மீட்டரைக் காட்டு. பேசாத."

வீட்டு வாசலில் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மூன்று மீட்டர்ப் பலகையை இறக்கத்தை நோக்கிக் கிடையாக நீட்டினாள். பாதி நீர் நிரப்பிய புட்டியை அதன்மேல் படுக்கவைத்து, நீர்மட்டம் புட்டியோடு நேராகும் வரை பலகையை நாவிதரைப் பிடிக்கச் சொன்னாள். பலகை முனையிலிருந்து தரைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர். சரிவோடு அளந்தால் அதே மூன்று மீட்டர், மூன்று மீட்டர் பதின்மூன்று சென்டிமீட்டர். அப்படி எத்தனை பலகை இந்தத் தெருவுக்கு என்று சுவரில் கரியால் வகுத்தாள், பெருக்கினாள், ஒருமுறை தப்பாக்கி எச்சில் தொட்டு அழித்தாள். கடைசியில் மூன்றரை வந்தது. எலியேசர் அந்தச் சுவர்க் கணக்கை விரல் வைத்து வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு, இன்னொரு ஓட்டம் என்றார்.

கயிறு இரண்டு மீட்டர் நீள வேண்டும், மீதி ஒன்றரையைப் பிரேக் விழுந்தபின் வண்டியே ஓடிவிடும். யாரிடமும் கேட்கவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்துகளின் இரண்டு நாடாக்களையும் உருவிக் கயிற்றோடு முடிந்துகொண்டாள்.

"சார், நீங்க கோட்டுல நில்லுங்க."

அவர் நின்றார். நான் ஜன்னல் கம்பியை விடவில்லை. வண்டி அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

யாரோ கை தட்டினார்கள். நோரால்பா சட்டுவத்தோடு வாசலுக்கு வந்தாள். எலியேசர் நோட்டை விரித்து மதிப்பெண் போடக் குனிந்தார். நாடா இல்லாத சப்பாத்து சளசளக்க ஓடி வந்த யூரானி அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். 80ஐ அடித்தாள். பக்கத்தில் 83.5 என்று எழுதினாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.