கல்யாணராமன் உட்கார்ந்திருந்த நேரம்

செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற கல்யாணராமனுக்கு, 1953இல், அறுபத்தோராவது வயதில், இரண்டு காலும் வீங்கின. ஸ்ரீவராகத்தில் இருந்த அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் டாக்டர் ஞானையனின் டிஸ்பென்சரி. அவர் கணுக்காலை விரலால் அழுத்தி, பள்ளம் விழுந்ததைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் என்று கேட்டார்.

மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு என்றார் கல்யாணராமன். கூட வந்திருந்த மனைவி சூடாமணி சுவரைப் பார்த்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பகலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று ஞானையன் அந்தப் பக்கத்துத் தெருக்களில் விசாரித்துக்கொண்டிருந்தார். வாயால் கேட்டால் எல்லோருமே குறைத்துச் சொன்னார்கள். அதனால் அரை மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்ட தாள்கள் வைத்திருந்தார். உட்கார்ந்தால் இன்ன எழுத்து, நின்றால் இன்ன எழுத்து, நடந்தால், படுத்தால் என்று. கல்யாணராமனுக்கு ஏழு தாள் கொடுத்தார். சூடாமணிக்கும் ஏழு கொடுத்து, நீங்கள் பார்த்ததை நீங்கள் தனியாக எழுதுங்கள் என்றார்.

அந்த ஒரு வாரம் கல்யாணராமனால் வீட்டில் நிலைகொள்ள முடியவில்லை. கடிகாரம் கூடத்தில், பென்சில் அறையில். எழுதுவதற்காகவே எழுந்து போனார். போன பிறகு, எழுந்து நடந்ததை எழுதுவதா, அதற்கு முன் உட்கார்ந்திருந்ததை எழுதுவதா என்று தடுமாறி, அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. பகவதிப்பெருமாள் கடைவரை காரணமில்லாமல் போய்த் திரும்பினார். உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடுக்களையிலிருந்து சூடாமணி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வேவு பார்க்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

எட்டாம் நாள் டாக்டர் இருவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கல்யாணராமன் எழுதியது நாளுக்கு ஐந்து மணி நேரம். சூடாமணி எழுதியது பதினொன்று. அவள் கட்டங்களில் சில இடத்தில் எழுத்துக்குக் கீழே பொடியாக ஒரு சொல்லும் சேர்த்திருந்தாள்.

"சார் தப்பா நினைக்காண்டாம்," என்றார் ஞானையன். "எல்லா நாளும் பத்துக்கும் பன்னெண்டுக்கும் இடையில, பின்ன சாயங்காலம் மூணு மணிக்கு, ஜன்னல்னு எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. அங்க என்ன?"

கல்யாணராமன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். சூடாமணிதான் சொன்னாள்: "தபால்காரன் வர்ற நேரம்."

மகன் அனந்தபத்மநாபன், அப்பா அலைந்து வாங்கிக் கொடுத்த கிளார்க் உத்தியோகத்தை நாற்பத்தொன்பதில் விட்டுவிட்டு, ஃபோட்டோ ஸ்டூடியோ வேலைக்கென்று பம்பாய்க்குப் போனவன். கிளம்புகிற அன்று, இனிமேல் இந்த வீட்டுக்கு லெட்டர் போட வேண்டாம் என்று கல்யாணராமன் சொல்லியிருந்தார். பையன் போடவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் முன்னால் வேகமாக நடந்தார். தெரு முனையில் நின்று, மனைவி வந்து சேரும்வரை செருப்பால் மண்ணைக் கிளறினார்.

"நோக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"நாலு வருஷமா. நீங்க ஒண்ணும் சொல்லலை. நான் எப்படிக் கேக்கறது?"

வீட்டுக்கு வந்ததும் அவர் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உடம்பு சௌகரியமில்லை என்று ஆரம்பித்ததைக் கிழித்தார். உத்தியோகத்தைப் பற்றி ஆரம்பித்ததையும் கிழித்தார். மூன்றாவதில், கால் வீங்கியிருக்கிறது, நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டே வரி. மகனின் விலாசம் சூடாமணியிடம் இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

அதன்பிறகு ஜன்னலருகே இருக்க முடியவில்லை. தபால்காரன் தெருவுக்குள் வருவதற்குள் தபாலாபீசுக்கே போய்க் கேட்டார். இல்லை என்றதும் பக்கத்திலிருந்த கோட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மத்தியானமும் அப்படியே. இரண்டாம் தடவை தாள் நிரப்பியபோது மனைவியின் தாளில் பதினொன்றாக இருந்த உட்கார்ந்த நேரம் ஆறு மணி நேரமாக இறங்கியிருந்தது. இதைக் குணம் என்று எழுதுவதா, பதற்றம் என்று எழுதுவதா என்று டாக்டருக்கே சம்சயம். கடைசியில் கல்யாணராமனைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. தபாலாபீஸ் வாசலில் வெயிலில் நின்றே பிரித்தார். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் எழுதவில்லை, அப்பா. ஆவணியில் நாலு நாள் லீவு கிடைக்கும், வரலாமா என்று கேட்டிருந்தான்.

வரலாம் என்று தந்தி கொடுத்தார்.

அவன் வந்தான். நாலு நாளும் அப்பாவும் மகனும் நிறையப் பேசிக்கொண்டதாகச் சொல்ல முடியாது. கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. மகன் எதிரே உட்கார்ந்தால், கல்யாணராமன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து அடுக்களைக்குப் போய், அவனுக்குக் காப்பி கொடுத்தாயா என்று சூடாமணியிடம் கேட்டுவிட்டு வந்தார்.