சோழவரம் போன பர்னபாஸ்

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவர் பர்னபாஸ். வாங்கினார் என்றும் சொல்ல முடியாது. மாமனார் வீட்டில் ஓடாமல் கிடந்த பழைய ஃபியட்டைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பழைய துறைமுகத்தில், தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்தால் காருக்கு அடியில்தான் கிடப்பார். "அவுகளத் தேடி யாரு வந்தாலும் வெளிய நீட்டிக்கிட்டிருக்க ரெண்டு காலத்தான் காட்டுதேன்" என்பாள் மனைவி பிலோமினா.

ஒர்க்‌ஷாப்பில் பழக்கமானவர் சங்கரலிங்கம். ஏரலில் வயலும் வாழையும் உள்ள குடும்பம். அவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், லாரிகள் வராத உப்பளத்து ரோட்டில் இருவரும் போட்டி போட்டு ஓட்டுவார்கள். புதுத் துறைமுகம் திறந்ததற்கு அடுத்த வருஷம், சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த கார் பந்தயத்துக்கு, புதியவர்கள் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

சனிக்கிழமை காலையில், புதிதாக வந்தவர்களையெல்லாம் ஒரு பந்தலில் உட்கார வைத்து, பந்தயத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் பேசினார்.

"முதல் வருஷம் ஜெயிக்கணும்னு வராதீங்க, முடிக்கணும்னு வாங்க. திருப்பத்துக்கு முன்னாடியே பிரேக் பிடிங்க, திருப்பத்துக்குள்ள போய்ப் பிடிக்காதீங்க. பின்னாடி வேகமா ஒருத்தன் வந்தா பயந்து ஒதுங்காதீங்க. உங்க வழியிலயே போங்க, தாண்டுறது அவன் வேலை. மஞ்சள் கொடி பார்த்தா யாரையும் முந்தாதீங்க."

பர்னபாஸ் அதை வேதம்போல் கேட்டுக்கொண்டார். அன்றைய ஓட்டத்தில் சொன்னபடியே ஓட்டினார். முந்த வந்தவர்களெல்லாம் முந்திப் போனார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. சங்கரலிங்கம் மூன்றாவதாக வந்தார். யாரோ அவர் கழுத்தில் மாலை போட்டார்கள்.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் சங்கரலிங்கம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏலே, நீ ஓட்டுனத விட உங்க மாதா கோயில் தேரு வெரசா போவும்லே."

"முடிச்சிட்டம்லா" என்றார் பர்னபாஸ்.

"முடிக்கதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி பர்னபாஸ் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஓட்டத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். முதல் சுற்றிலேயே சங்கரலிங்கத்தை முந்தினார். அடுத்த சுற்றில், அடுக்கி வைத்த வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்துத் திருப்பத்தில், பிரேக்கை மிதிக்க வேண்டிய இடம் தாண்டியும் மிதிக்கவில்லை. திருப்பத்துக்குள் போன பிறகு மிதித்தார். ஃபியட் பம்பரம்போல் சுற்றி, பாதைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் ஒட்டி வந்த சங்கரலிங்கம் அதில் மோதாமலிருக்க ஸ்டியரிங்கை ஒடித்தார். ஹெரால்டு வைக்கோல் கட்டுகளில் ஏறிப் புரண்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கால் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. சென்னை ஆஸ்பத்திரியில் பர்னபாஸ் கட்டிலருகே நின்று என்னவோ சொல்ல வாயெடுத்தபோது, சங்கரலிங்கம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நான் ரொம்ப ஒட்டி வந்துட்டேன். பேசாத." அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

ஊர் திரும்பியதும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பர்னபாஸ் ஃபியட்டில் ஏரலுக்குப் போவது வழக்கமாயிற்று. சங்கரலிங்கத்தின் மனைவி அருணாசலவடிவு காப்பி கொடுப்பாள். முகம் கோணமாட்டாள், பேசவும் மாட்டாள். சங்கரலிங்கத்தால் வயலுக்குள் இறங்க முடியவில்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களைச் சத்தம் போடுவார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் அவராகவே கேட்டார். "புதுத் துறைமுகத்த இன்னும் பாக்கலடே. கூட்டிட்டுப் போறியா?"

மடங்காத காலுக்கு இடம் வேண்டுமென்று பர்னபாஸ் முன் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டார். துறைமுகத்துக்குப் போகும் ரோடு நேராக, ஆளில்லாமல் கிடந்தது. சங்கரலிங்கம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"கொஞ்சம் மிதி, பர்னபாஸ்."

பர்னபாஸ் மிதிக்கவில்லை.

"ரோட்டுல ஒரு பய இல்ல. மிதிடே."

மிதிக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. கால் கேட்கவில்லை. உப்பு மூட்டையோடு சைக்கிளில் வந்த ஒருவன் அவர்களைத் தாண்டிப் போனான்.

"என்னைய எதுக்குலே பொணத்த ஏத்திட்டுப் போற மாதிரி கொண்டுபோற?" என்றார் சங்கரலிங்கம். "வண்டியத் திருப்பு. வீட்டுக்குப் போவோம்."

துறைமுகத்தைப் பார்க்காமலே திரும்பினார்கள். ஏரலில் இறங்கும்போது தோளைப் பிடிக்கக்கூட அவர் விடவில்லை. கம்பை ஊன்றித் தனியாகப் படியேறிப் போனார்.

பொங்கலுக்குப் பிறகு திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து ஃபியட்டை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். சாவியைப் பிலோமினாதான் எடுத்துக் கொடுத்தாள். பர்னபாஸ் அப்போது வீட்டில் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஏரல் பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்.