வாசல் கதவுக்கு மட்டும் மஞ்சள்

ஒஹாயோவின் அந்தத் தெருவில், கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டின் வெளிப்புறத்தைத் தாங்களே புதுப்பித்தவர்கள் டார்லாவும் அவள் கணவன் வெண்டலும்தான். பலகைச் சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார்கள். முற்றத்துக் களையைப் பிடுங்கிப் புல் விரித்தார்கள். அவன் ஏணியில் ஏறினால் அவள் பிடித்துக்கொள்வாள். கேட்காமலேயே பிரஷ் அவன் கைக்குப் போகும்.

பக்கத்து வீட்டு க்ளெண்டா வேலியோரம் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு ஒரு ஆணி அடிக்க அடுத்த கிறிஸ்துமஸ் வரணும். உங்களப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குடி!"

டார்லா சிரித்துவைத்தாள். வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகப்போவதை அவர்கள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் இதே சுவருக்காக நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. அவள் மஞ்சள் கேட்டாள். "ஸ்கூல் பஸ்ஸுக்குள்ளயா குடியிருக்கப் போறோம்?" என்று கத்திவிட்டு அவன் வெள்ளை அடித்தான். இந்த முறை சாம்பல் நிறம். அதுதான் சீக்கிரம் விலைபோகும் என்று தரகர் சொன்னார். இருவரும் சரி என்றார்கள்.

கடைசியில் வாசல் கதவு மட்டும் மிச்சம். வெண்டல் வண்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து திறந்தான். மஞ்சள்.

"கதவுக்காவது உனக்குப் பிடிச்சத அடிப்போமே," என்றான்.

டார்லா எட்டிப் பார்த்தாள். மனதில் ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"மஞ்சள்னா ரெண்டு தடவ அடிக்கணும்," என்றாள். "சாம்பலே இருக்கட்டும். இன்னைக்கே முடிஞ்சிடும்."